சடையப்பன் மேஸ்திரி கை வைத்த கடைசி மரம்

போன் அடித்தபோது சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேசினார். "பாய், நம்ம சடையப்பன் மேஸ்திரி இறந்துட்டாருங்க. மரம் விழுந்துருச்சு" என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மிளகை நிறுத்து முடித்துப் பொட்டலம் கட்டினேன். அந்த அம்மாள் கேட்ட ஏலக்காயையும் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் காரில் ஏறிப் போன பிறகு நானே ரைட்டரைப் போனில் கூப்பிட்டு, "இப்ப என்னமோ சொன்னீங்களே, என்னங்க அது?" என்று கேட்டேன். அவர் அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னார். வாய் தானாக இன்னா லில்லாஹி என்று சொன்னது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. இன்னமும் சாயந்திர பஸ் வந்து நிற்கும்போது ஒண்டிக்கடை நிறுத்தத்துப் பக்கம் தலை திரும்புகிறது. கொடுவாளைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் இறங்கி வருவார் என்றே மனசு நினைக்கிறது. எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. வாப்பாவை அடக்கம் செய்திருக்கிறேன், கூடப் பிறந்த அண்ணனை அடக்கம் செய்திருக்கிறேன். இப்படி ஒரு சாவில் திக்குமுக்காடிப் போனதில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நல்லவர், வல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் செத்த மறுநாளே நம் மலையில் ஒரு பேச்சு கிளம்பியது. முப்பது வருஷம் மரம் பார்த்த மனுஷன் வயசான காலத்தில் ஒரு மரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டார், தானும் போய், ஏறினவனையும் கொல்லப் பார்த்தார் என்று. உங்களில் சிலரும் அதைச் சொன்னீர்கள். என் கடை வாசலில் நின்றே சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருந்ததை இனி என்னால் தாங்க முடியாது.

அவரை முதலில் சந்தித்ததே சண்டையில்தான். என் கடையில் மிளகு, காபித்தூள், தேன், தைலம் இவற்றோடு ஒரு மூலையில் மரக்காளானும் இருக்கும். சமைக்கிற காளான் இல்லை. செத்த மரத்தில் அரைவட்டத் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு முளைத்து, வருஷக்கணக்கில் இறுகிக் கட்டையாகப் போவது. வார்னிஷ் அடித்து வைத்தால் வெளியூர்க்காரர்கள் ஆசையாக வாங்குவார்கள். சுவரில் அடித்து மேலே பொம்மை வைப்பார்களாம். அன்றைக்கு ஒரு அம்மாள் அதைக் கையில் எடுத்து, "இதைச் சமைக்கலாமா?" என்று கேட்டார். நான் வியாபாரி. "கசாயம் வெச்சுக் குடிச்சா சக்கரை வியாதிக்கு நல்லதுங்க" என்று கூசாமல் அளந்துவிட்டேன். தைலம் வாங்க வந்து பின்னால் நின்றிருந்த ஒருவர், "ஏனுங்க பாய், நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

அதோடு விட்டாரா? வார்னிஷ் அடிக்காத, ஈரம் காயாத ஒன்றை எடுத்து அந்த அம்மாளுக்குப் பாடமே நடத்திவிட்டார். "காம்பு இல்லை, குடை இல்லை, பாருங்க அம்மணி. அடியில திருப்புங்க. நாங்க திங்கற புத்துக்காளான்ல மடிப்பு மடிப்பா இருக்கும். இதுல ஊசி குத்துன மாதிரி பொடி ஓட்டைதான்." அந்த வெள்ளை அடிப்பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். கிழித்த இடம் கண்ணெதிரே காப்பி நிறமானது. "கீறுனா கறுத்துக்கும். தட்டுனா கட்டைச் சத்தம் வரும். இத்தை வேக வெச்சா அடுப்பு வெறகுதான் தீருமுங்க." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எதுவும் வாங்காமல் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏவாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் அமைதியாக, "ஏவாரம் பண்ணுங்க, வேண்டாங்கல. இது எந்த மரத்துல இருந்ததுன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை எஸ்டேட்டுக்குள் கூட்டிப் போனார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனால் அந்த மேட்டில் அவர் நடந்த நடைக்கு நான் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு பின்னால் போனேன். காபிச் செடிக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆட்கள் ஏறிக் கிளை கழிப்பார்கள். எந்த மரத்தில் ஆள் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று சொல்வதுதான் அவர் வேலை. ஒரு மரத்தடியில் நின்று, கொடியை விலக்கி உள்ளே கையை விடச் சொன்னார். தரையோடு தரையாக ஒரு மரக்காளான் தட்டுப்பட்டது. அண்ணாந்து பார்த்தால் உச்சி வரை பச்சை. "மேல எலையைப் பாத்து ஏமாந்துராதீங்க பாய். இது செத்த கட்டையிலதான் மொளைக்கும். இது மொளைச்சிருக்குதுன்னா அடி செத்துப்போச்சு. மரத்துக்கே இன்னும் தெரியல" என்றார்.

அந்த மரத்தில் கொடி நிறைய மிளகு. மேனேஜருக்கு வெட்ட மனசில்லை. இவர் ஆளை ஏற்ற மாட்டேன் என்று நின்றார். "என்னை வேணும்னா வேலைய விட்டு நிறுத்திக்குங்க, ஏத்த மாட்டனுங்க" என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கடைசியில் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். வெட்டுவாயில் நான் விரலை வைத்தேன். ஊறின ரொட்டியில் போவதுபோல் விரல் உள்ளே போனது. வெளியே தோல் மட்டும் மரமாக இருந்தது. அந்த வருஷம் அதில் ஏற வேண்டிய ஆளுக்குச் சின்னக் குழந்தைகள் மூன்று.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். மரத்தைச் சுற்றி வந்து, கொடுவாளின் முதுகால் தட்டி, கொடிக்குள் கையை விட்டு அடியை முழுக்கத் தடவிப் பார்த்து, "சுத்தம்" என்று சொல்வார். அப்புறம் ஏறுகிறவன் ஏறி இறங்குகிற வரைக்கும் மரத்தில் ஒரு கையை வைத்தபடி அடியிலேயே நிற்பார். மற்ற எஸ்டேட்டில் மேஸ்திரிகள் தள்ளி நின்று சத்தம் போடுவார்கள். எதற்கு இந்த வீம்பு என்று ஒரு தடவை கேட்டேன். "நான் சொல்லித்தான அவன் ஏறறான். எம்பட வார்த்தைக்கு எம்பட தலை பக்கத்துல இருக்கோணுமுங்க" என்றார். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அப்படியே முகத்துக்கு நேராகச் சொன்னேன். சிரித்துவிட்டு, டீக்கு எனக்கும் சேர்த்துச் சர்க்கரை அதிகம் போடச் சொன்னார்.

மரக்காளான் விற்பதை நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. விழுந்து கிடக்கிற மரத்தில் எடுத்தது மட்டும் வாங்கு என்றார். நிற்கிற மரத்திலிருந்து அதைப் பிடுங்கினால் கைக்குத் தட்டுப்பட வேண்டிய அடையாளமே போய்விடும். அடுத்த வருஷம் ஏறுகிறவன் கதி என்ன ஆகும்? "கொண்டாரவன் எல்லாரும் விழுந்த மரம்னுதான் சொல்லுவான். எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். ஒன்றை எடுத்து, வழவழப்பு மேலே, வெள்ளை கீழே இருக்கும்படி நேராகப் பிடித்தார். "இப்படித்தான் மரத்துல இருக்கும், மரம் நின்னாலுஞ் சரி, கெடந்தாலுஞ் சரி. இப்ப மரத்தோட ஒட்டியிருந்த முதுகுல, ஒட்டிக்கிட்டு வந்த பட்டையப் பாருங்க. நார் மேலிருந்து கீழ ஓடுதா, அது நின்ன மரம். பக்கவாட்டுல ஓடுதா, அது கெடந்த மரம். ஒரு பார்வை போதுமுங்க." மூட்டை வந்த அன்றைக்கே பிரித்து ஒவ்வொன்றின் முதுகையும் பார்க்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அல்லாஹ் மேல் ஆணையாக என்று அவர் கேட்காமலேயே சொன்னேன்.

முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகப் பார்த்தேன். நின்ற மரத்து நாரோடு காளான் இரண்டு தடவை அகப்பட்டது. இரண்டு தடவையும் அவரிடம் சொன்னேன். அவர் காளான் எடுக்கிறவர்களின் ஊரான செம்மநத்தம் வரை நடந்துபோய், எடுத்தவனிடம் எங்கே எடுத்தாய் என்று கேட்டு, அந்த மரத்தைத் தேடிப்பிடித்து, யாரும் ஏறாமலிருக்க அடையாளமாகச் சுண்ணாம்பு பூசிவிட்டு வந்தார். நோன்பு மாசத்தில் சாயந்திரம் கடைக்கு வந்து உட்காருவார். கஞ்சியை முன்னால் வைத்தாலும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை தொடமாட்டார். "நீங்க பசியோட இருக்கறப்ப எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?" என்பார். அந்த நேரத்தில் சும்மா இருக்காமல் மூலையில் கிடக்கிற காளானை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை நம்பாமல் அல்ல. அவருக்கு அது பழக்கம்.

இந்த வருஷம் கோடைக் கூட்டம் தாங்கவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்துகொண்டது. கடையில் சாப்பிடக்கூட நேரமில்லை. செம்மநத்தத்து ஏழுமலை ஒரு மூட்டை காளான் கொண்டுவந்து இறக்கினான். "எல்லாம் விழுந்த மரத்துதாங்க பாய், நொம்பப் பெருசு" என்றான். பெரிதாக வேண்டும் என்று அவனிடம் கேட்டிருந்தது நான்தான். கொல்லைக் கதவுக்குப் பின்னால் போடச் சொன்னேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது நாள் அந்த மூட்டை கட்டியபடியே கிடந்தது. பத்தாம் நாள் காலையில்தான் ரைட்டர் போன் செய்தார்.

அன்றைக்கு நடந்ததை மரத்தில் ஏறின முருகேசன் என்னிடம் சொன்னான். தோள்பட்டை எலும்பு முறிந்து கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். முந்தின நாள் மழையில் மரமெல்லாம் ஊறியிருந்தது. மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, "நனைஞ்ச மரத்துல சத்தம் தெரியாது, கையிலதான் பாக்கோணும்" என்றாராம். கொடிக்குள் கையை விட்டு அடியை ஒரு சுற்று முழுக்கத் தடவினார். எதுவும் தட்டுப்படவில்லை. "சுத்தம், ஏறு கண்ணு" என்றார். இவன் இரண்டு ஆள் உயரம் ஏறியிருப்பான். அடியில் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "குதிடா!" என்று மேஸ்திரி கத்தினார். இவன் காபிச் செடிமேல் குதித்துவிட்டான். "அவரு ஓடியிருக்கலாமுங்க பாய். என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு" என்று சொல்லிவிட்டு முருகேசன் அழுதான்.

அவரை எடுத்த அன்றைக்கு நான் போய் ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வந்தேன். கடையைத் திறக்க மனமில்லை. கொல்லைப்பக்கம் போனவன் மூட்டையைப் பார்த்தேன். வாயை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். முதலில் கைக்கு வந்ததை நேராகப் பிடித்தேன், வழவழப்பு மேலே, வெள்ளை கீழே. நார் மேலிருந்து கீழே ஓடியது. அடுத்ததும் அப்படியே. மூட்டையில் இருந்த எல்லாமே அப்படித்தான். ஒன்று கூட விழுந்த மரத்தில் எடுத்தது இல்லை. அவற்றில் பெரிதான ஒன்றின் முதுகில், பட்டையோடு சேர்ந்து, மிளகுக்கொடியின் வேர் நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு மறுநாள் முருகேசனோடு அந்த இடத்துக்குப் போனேன். மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் நின்றது. கொடியை விலக்கினேன். மேட்டுப்பக்கம், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், அப்பின மண் காய்ந்து இறுகியிருந்தது. அதைச் சுரண்டினேன். உள்ளே பிடுங்கின காயம். காளானை வைத்தேன். ஓரத்தில் உடைந்த பல் முதற்கொண்டு அப்படியே உட்கார்ந்தது. நான் கையை எடுத்த பிறகும் அது விழாமல் நின்றது.

ஏழுமலையைப் போய்ப் பிடித்தேன். எஸ்டேட்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க மண்ணை அப்பினேன் என்று ஒத்துக்கொண்டான். "அது சும்மா காளான்னு நெனைச்சனுங்க. நீங்கதான பெருசா வேணும்னு கேட்டீங்க?" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பதால் கை தானாக இறங்கிவிட்டது. முருகேசன் என்னைத் தனியாக இழுத்துப் போனான். "ஏழுமலை எம்பட பங்காளிங்க. போலீஸ் அது இதுன்னு போவாதீங்க பாய். மேஸ்திரி போயாச்சு. இத்தைச் சொல்லி யாருக்கு என்ன ஆவப்போகுது?" என்றான். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கெட்ட பெயர் வரும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், போனவர் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே மறந்து போயிற்று.

போன வாரம் அவர் மனைவி பாவாயி கடைக்கு வந்தார். எதுவும் வாங்க வரவில்லை. "பாய், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கறனுங்க. லைன் வீட்டுக் குழாயில தண்ணி புடிக்கற எடத்துல பேசறாங்க, அவரு கண்ணு மங்கிப்போயித்தான் தப்பாப் பாத்துட்டாருன்னு. எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு மங்கியிருந்துச்சுங்களா? உங்ககூடத்தான நெதமும் உக்காந்திருப்பாரு" என்றார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கொடுத்தது, மூட்டை வந்தது, அடிக்கட்டையில் வைத்துப் பார்த்தது, எதையும் விடவில்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மூட்டை எத்தனை நாளுங்க கெடந்துச்சு?" என்றார்.

"ஒம்பது நாள்."

"அன்னைக்கே பிரிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்குமுங்க. ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். அவருகிட்டச் சொல்லியிருப்பேன். அவரு அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடிச்சிருப்பாரு."

"அப்ப அவரு பாத்தது தப்பில்லை."

"தப்பில்லைங்க."

எழுந்து நின்றார். "உங்களை மன்னிச்சுட்டன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க பாய். எனக்குள்ள ஒத்து வந்தா ஒருநாள் சொல்றேன். அதுவரைக்கும் கேக்காதீங்க. ஆனா எங்கிட்டச் சொன்னதை ஊருக்குச் சொல்லிப்போடுங்க. அவரு பேரு அப்படிக் கெடக்கறதுல எனக்குத் தூக்கம் புடிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன். சடையப்பன் மேஸ்திரிக்குக் கண் மங்கவில்லை, கை தப்பவில்லை. அன்றைக்கும் என்றைக்கும்போல ஒரு சுற்று முழுக்கத் தடவித்தான் பார்த்தார். அங்கே இருந்திருக்க வேண்டியது என் கடைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களிடமிருந்து தமக்கு மிஞ்சிய நல்லது எதையாவது சொல்லி முடிப்பார்கள். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள அருகதை இல்லை. அவர் பெயர்மேல் நீங்கள் போட்ட பழி ஒன்று இருக்கிறதே, மரம் பார்க்கத் தவறியவன் என்று. அதை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள். அது எனக்குச் சேர வேண்டியது.